மருத்துவமனையின் காற்று: பக்தாதிலிருந்து ஆவடி வரை

மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவர்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் அறுவைக் கருவிகளைப் பற்றியுமே எழுதுகின்றனர். நோயாளி அங்கே படுத்திருக்கும் ஒவ்வொரு கணமும் உள்ளிழுத்து வெளிவிடும் காற்றுக்கு அவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் சில வரிகளே. ஆயினும், ஒரு மருத்துவமனையை எவ்விடத்தில் எழுப்புவது என்று மனிதன் முதன்முதலில் சிந்தித்தபோது அவன் கேட்ட கேள்வி காற்றைப் பற்றியதாகவே இருந்தது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, சன்னல்களை அடைத்துவிட்டு இயந்திரத்தால் குளிர்வித்த காற்றை நோயாளிக்கு வழங்கும் காலத்தில் வாழும் நமக்கும் அக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. இயந்திரத்தின் உள்ளே நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றை அகற்றுவது எப்படி, அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதே அக்கேள்வியின் இன்றைய வடிவம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு இவ்வரலாற்றில் நாம் எண்ணுவதைவிட நெருங்கிய தொடர்பு உண்டு.

இறைச்சித் துண்டுகளின் சாட்சி

பக்தாதில் மருத்துவமனை கட்ட ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்குமாறு பணிக்கப்பட்ட அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸீ, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் செய்தார் என்றும், எவ்விடத்தில் இறைச்சி கெடுவதற்கு மிகுந்த காலம் பிடித்ததோ அவ்விடத்தையே தேர்ந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இதனைப் பதிவு செய்துள்ளார். இச்செய்தி அளுதுத் தவ்லாவின் பெயரால் அமைந்த அளுதீ மருத்துவமனையுடன் இணைத்துச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது ஹிஜ்ரி 372 (கி.பி. 982) அளவில், ராஸீயோ ஹிஜ்ரி 313 (கி.பி. 925) அளவிலேயே மறைந்துவிட்டார். ராஸீ காலத்தால் முந்தியவர் என்பதை இப்னு அபீ உஸைபிஆவே சுட்டிக்காட்டத் தவறவில்லை. செய்தி எந்த மருத்துவமனையைப் பற்றியதாயினும், அல்லது பின்வந்தோர் புனைந்ததாகவே இருப்பினும், அதில் பொதிந்துள்ள எண்ணம் ஆய்வுக்குரியது. காற்றைக் கண்ணால் காண இயலாது. ஆனால் அது செய்யும் வினையை ஒரு பொருளின் மீது சோதித்து அளக்க இயலும் என்பதே அவ்வெண்ணம். இன்றைய நுண்ணுயிரியல் வல்லுநர் அறுவை அரங்கின் மூலைகளில் ஊட்டக்கூழ் நிரப்பிய கண்ணாடித் தட்டுகளைத் திறந்து வைத்து, அவற்றில் முளைக்கும் நுண்ணுயிர்க் கூட்டங்களை எண்ணுகிறார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

யூனானி மருத்துவம் உடல்நலத்துக்கு இன்றியமையாதனவாக வகுத்த ஆறு காரணிகளில் முதலாவது, மனிதனைச் சூழ்ந்துள்ள காற்று. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சென்னை அரும்பாக்கத்தில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர்கள் இந்த ஆறையும் இன்றும் பாடமாகவே கற்கின்றனர். பதினோராம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், ஃபுஸ்தாத் நகரின் குறுகிய தெருக்களும் உயர்ந்த கட்டடங்களும் காற்றின் போக்கைத் தடுத்து நோயை வளர்க்கின்றன என்று எழுதினார். மக்கள்தொகை மிகுந்த நகரங்களில் காற்று கெடுகிறது; குடியிருப்புகளுக்கிடையே வெற்றிடங்கள் விடப்பட்டால் காற்று அலைந்து தூய்மை பெறும் என்பது இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் கூறும் கருத்து. இவர்கள் நுண்ணுயிரை அறிந்தவர்கள் அல்லர். காற்றே அழுகுகிறது என்று அவர்கள் கொண்ட கோட்பாடு பிழையானது என இன்று நாம் அறிவோம். எனினும் நெருக்கம், தேக்கம், நோய் ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள உறவை அவர்கள் சரியாகவே கண்டிருந்தனர்.

1348இல் பரவிய பெருங்கொள்ளை நோயைக் கண்ட கிரனாடாவின் அறிஞர் லிஸானுத்தீன் இப்னுல் கத்தீப் மேலும் ஓர் அடி முன்சென்றார். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்பது அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் புலன்களின் சாட்சியாலும் நிறுவப்பட்ட உண்மை என்று அவர் வாதிட்டார். நோயாளியின் ஆடையும் பாத்திரமும் நோயைக் கொண்டுசெல்வதையும், தனித்து வாழ்ந்தோர் தப்பியதையும் அவர் சான்றாகக் காட்டினார்.

வக்ஃபு ஆவணத்தில் விசிறி

கருத்துகள் கட்டட வடிவம் பெற்றதை டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் காண்கிறோம். நூருத்தீன் ஸன்கீ 1154இல் டமாஸ்கஸில் எழுப்பிய பீமாரிஸ்தான், நடுவே நீர்த்தடாகம் கொண்ட திறந்த முற்றத்தையும் அதனை நோக்கித் திறந்த நான்கு ஈவான் மண்டபங்களையும் உடையது. நீரைத் தழுவி வரும் காற்று நோயாளிகளை அடையும் வண்ணம் அது அமைந்திருந்தது. கெய்ரோவில் சுல்தான் மன்ஸூர் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனை அக்காலத்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அந்நகரின் மாளிகைகளில் மேல்தளத்துக் காற்றை உள்ளே இழுத்துத் தரும் ‘மல்கஃப்’ என்னும் காற்றுவாங்கிகள் இருந்தன; பாரசீகத்தில் அவற்றை ‘பாத்கீர்’ என்றனர். இயந்திரமின்றிக் காற்றை வரவழைக்கும் கலை அது.

நம் பொருளுக்கு இவற்றினும் முக்கியமானது கலாவூன் மருத்துவமனையின் வக்ஃபு ஆவணம். ஒவ்வொரு நோயாளிக்கும் உணவு தனிப் பாத்திரத்தில், மூடியிட்டு வழங்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. வெப்பக் காலத்தில் நோயாளிகள் பயன்படுத்த ஓலை விசிறிகள் வாங்குவதற்கும் அது செலவினம் ஒதுக்கியது. இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அறக்கொடையாளர் கட்டடத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் தேய்ந்து கிழிந்து மீண்டும் வாங்க வேண்டிய ஒரு சிறு விசிறியின் செலவையும், கொடையின் ஒரு பகுதியாகவே எழுதி வைத்தார். பராமரிப்பு என்பது அந்த அறத்தின் உள்ளேயே இருந்தது. இக்கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

பூவிருந்தவல்லியின் படைவீடு

பூவிருந்தவல்லிக்கும் இஸ்லாமிய வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி அரசும் அதன் தளபதி மீர் ஜும்லாவும் கர்நாடகப் பகுதியில் ஆதிக்கம் பெற்றிருந்த நாளில் இங்கே எழுந்த பள்ளிவாசல் அதற்குச் சான்று. பின்னர் பிரிட்டிஷார் இவ்வூரை ஒரு படைவீடாக ஆக்கினர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஐரோப்பியப் படையினருக்கும், நோயிலிருந்து தேறிவந்தோருக்கும் இது தங்குமிடமாயிற்று.

அப்படையினரைப் போர்க்களத்தைவிடப் படைவீடே அதிகம் கொன்றது. 1859இல் அமைக்கப்பட்டு 1863இல் அறிக்கை அளித்த இந்தியப் படை நலவாழ்வு ஆணையம், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 எனக் கணக்கிட்டது. அவ்வாணையத்தின் பின்னணியில் உழைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நாடெங்கிலுமுள்ள படைவீடுகளிலிருந்து வந்த விடைகளை ஆராய்ந்த அவர், கழிவுநீர், குடிநீர், நெருக்கம், காற்றோட்டமின்மை ஆகியவையே இறப்புக்குக் காரணம் என்று முடிவு கண்டார். மருத்துவமனைக் கூடம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த இலக்கணமும் காற்றை மையமாகக் கொண்டதே. நீண்ட கூடம், இருபுறமும் எதிரெதிர்ச் சன்னல்கள், உயர்ந்த கூரை, கட்டில்களுக்கிடையே போதிய இடைவெளி என்பவை அதன் கூறுகள். நம் பழைய அரசு மருத்துவமனைகளின் உயர்ந்த கூடங்கள் இந்தச் சிந்தனையின் வாரிசுகள். நைட்டிங்கேலும் நெடுங்காலம் நுண்ணுயிர்க் கோட்பாட்டை ஏற்றவர் அல்லர். இப்னு ரிள்வானைப் போல அவரும் பிழையான கோட்பாட்டிலிருந்து பயனுள்ள முடிவுக்கு வந்தார்.

குளிர்ச்சி வந்த வழி

வெப்பத்தைத் தணிக்க நம் நாட்டார் வெட்டிவேர்த் தட்டிகளை நீரால் நனைத்து வாசலில் தொங்கவிட்டனர். ஐரோப்பியர் கூரையில் பங்காவைக் கட்டி ஆள் வைத்து இழுத்தனர். 1840களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ எழுந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்ற நோக்கத்தால் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1851இல் காப்புரிமை பெற்றார். இயந்திரக் குளிர்ச்சி என்னும் எண்ணம் நோயாளியின் படுக்கை அருகே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஆனால் அவ்வியந்திரம் வணிக வெற்றி பெறவில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த குளிரூட்டும் முறை, நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் தாள்கள் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கவே பிறந்தது. அச்சகத்துக்கும் ஆலைக்கும் ஏற்ற இயந்திரம் அறுவை அரங்கையும் நோயாளிக் கூடத்தையும் அடைந்தபோது, அதனோடு ஒரு நிபந்தனையும் வந்தது. குளிர்ச்சி வெளியேறாமலிருக்கச் சன்னல்கள் மூடப்பட வேண்டும் என்பதே அந்நிபந்தனை.

1959ஆம் ஆண்டின் இரு ஆய்வுகள்

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் தூய காற்றே மருந்தெனக் கருதப்பட்டது. மதனப்பள்ளிக்கு அருகே 1915இலும், தாம்பரத்தில் மருத்துவர் சவரிமுத்துவின் முயற்சியால் 1928இலும் எழுந்த காசநோய் நலவாழ்வில்லங்கள் அந்நம்பிக்கையின் சின்னங்கள். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகியவை இணைந்து காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் முதல் ஆய்வு, நெருக்கமான எளிய வீட்டில் இருந்தபடியே மருந்துண்ட நோயாளிகளும் நலவாழ்வில்லத்தில் நல்ல உணவும் ஓய்வும் காற்றும் பெற்ற நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதைக் காட்டியது. வீட்டிலிருந்த நோயாளியின் உறவினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் கண்டறியப்பட்டது. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. ஏழை நாடுகளுக்கு அது ஒரு பெருங்கொடை.

அதே 1959இல் அமெரிக்காவிலிருந்து வேறோர் ஆய்வு வெளிவந்தது. நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகளில் மிகச் சிறியவை தரையில் விழுமுன்பே உலர்ந்து, நுண்துகள்களாகக் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன என்று வில்லியம் வெல்ஸ் 1930களிலேயே கூறியிருந்தார். அதனை மெய்ப்பிக்க அவரும் ரிச்சர்டு ரைலியும் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் காசநோய்க் கூடத்தின் காற்று முழுவதையும் குழாய்வழியே மேலே கொண்டுசென்று கினிப்பன்றிகள் இருந்த கூண்டறையில் செலுத்தினர். நோயாளிகளை ஒருபோதும் காணாத, தீண்டாத அவ்விலங்குகள் காசநோய்க்கு ஆளாயின. குழாயில் புறஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றை மட்டுமே பெற்ற விலங்குகளோ தப்பின. ஒரு கட்டடத்தின் காற்றுக்குழாய் நோயைக் கொண்டுசெல்ல வல்லது. அக்குழாயிலேயே நோய்க்கிருமியை அழிக்கவும் இயலும் என்னும் இரண்டும் ஒரே சோதனையில் நிறுவப்பட்டன.

இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றுத் திறன் விரைந்து குறைகிறது. நோய் கண்டறியப்படாத நாள்களில்தான் அவரைச் சூழ்ந்த காற்று பேரிடர் உடையது. ஆனால் வரலாற்றில் இரண்டும் சமமாகக் கேட்கப்படவில்லை. மருந்தின் வெற்றி முழக்கத்தில் காற்றின் எச்சரிக்கை அமுங்கிற்று. நுண்ணுயிர்க்கொல்லிகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை ஓங்கிய பதிற்றாண்டுகளிலேயே உயர்ந்த கூரைகள் தாழ்ந்தன; சன்னல்கள் சுருங்கின; குளிரூட்டிகள் வந்தன.

ஆவடியின் பங்கு

காற்றின்வழிப் பரவும் நோய்களைப் பற்றிய இந்திய ஆய்வில் சென்னையின் மேற்குப் பகுதிக்கு நிலையான இடம் உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று. வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்னும் கசப்பான உண்மையை அது வெளிப்படுத்தியது. ஆவடியில் இயங்கிய மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு, 1990களில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது. அக்களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999இல் இணைக்கப்பட்டுத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாயிற்று. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அயப்பாக்கத்தில் அது இன்று செயல்படுகிறது. பூவிருந்தவல்லியில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனம் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருவது. 2020இல் கொரோனா தொற்றின் தொடக்க நாள்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பயணிகள் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. நோயைக் கணக்கிடும் அறிவும் நோயைத் தடுக்கும் பயிற்சியும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

அவ்வாசலைச் சுற்றியுள்ள நகரமோ வேறு வேகத்தில் வளர்ந்தது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின் மக்கள் பெருகினர். 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் பெரிய மருத்துவமனைகள் தோன்றின. அவற்றினிடையே, குடியிருப்பு வீடுகளையும் வணிகக் கட்டடங்களையும் மாற்றியமைத்துத் தொடங்கப்பட்ட சிறு மருத்துவமனைகளும் உள்ளன. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் காணப்படுவது சுவரில் பொருத்திய ‘ஸ்பிளிட் ஏசி’. அக்கருவியைப் பற்றிய ஓர் எளிய உண்மை பலருக்குத் தெரிவதில்லை. அது வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. அறையில் உள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்து அறைக்கே திருப்பித் தருகிறது. மூடிய அறையில் ஒருவர் விட்ட மூச்சு, குளிர்ந்த நிலையில் மற்றவருக்கு வந்து சேர்கிறது.

இயந்திரத்தின் உள்ளே

பெரிய மருத்துவமனைகளின் மையக் குளிரூட்டல் இதனின் வேறுபட்டது. வெளிக்காற்றின் ஒரு பகுதியும் அறைகளிலிருந்து திரும்பும் காற்றும் கலந்து வடிகட்டிகளைக் கடந்து, குளிர்ச் சுருளின் மீது பாய்ந்து, விசிறியால் காற்றுக்குழாய்களில் தள்ளப்பட்டு அறைகளை அடைகின்றன. சென்னையின் ஈரக்காற்று குளிர்ச் சுருளைத் தொட்டவுடன் நீராகிச் சொட்டுகிறது. அந்நீர் கீழேயுள்ள தட்டில் விழுந்து வடிகால் வழியே வெளியேற வேண்டும். வடிகால் அடைபட்டாலோ தட்டின் சரிவு பிழைபட்டாலோ நீர் தேங்குகிறது. வடிகட்டியைத் தப்பிய தூசும் தேங்கிய ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வழவழப்பான படலமாகப் படிந்து வளர்கின்றன. நலமுள்ளவருக்குப் பெருந்தீங்கு செய்யாத ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை, புற்றுநோய் மருத்துவத்தாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலில் உயிர்க்கொல்லியாகிறது. மருத்துவமனையின் ஒரு பகுதியில் கட்டட வேலை நடக்கும்போது அதன் தூசு மற்றொரு பகுதியின் நோயாளியைக் கொல்லக்கூடும் என்று வல்லுநர்கள் எச்சரிப்பது இதனாலேயே.

குளிரூட்டும் அமைப்பே கொலைக்கருவியாகக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது 1976ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. ஃபிலடெல்ஃபியாவின் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களும் அவ்விடத்தை அடுத்திருந்தோருமாக 221 பேர் நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர். 34 பேர் மாண்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், 1977 சனவரியில் ஜோசப் மக்டேட் அதன் காரணியான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். ‘லெஜியனெல்லா’ என்று பெயர் பெற்ற அது, குளிர்விப்புக் கோபுரங்களின் வெதுவெதுப்பான நீரில் பெருகி, நீர்த்துளிகளோடு காற்றில் கலந்து பரவுவது. 1985இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகர மருத்துவமனையிலேயே அத்தகைய கோபுரத்திலிருந்து நோய் பரவிப் பலர் இறந்தனர். நலம் பெற வந்த இடத்தின் காற்றே நோயைத் தந்தது.

தூய்மையாக்கும் முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜோசப் லிஸ்டர் 1870களில் அறுவை அரங்கின் காற்றில் கார்பாலிக் அமிலத்தைத் தெளித்தார். பின்னர், பெருங்கேடு கையாலும் கருவியாலும் விளைவதே என்றுணர்ந்து அத்தெளிப்பைத் தாமே கைவிட்டார். நம் நாட்டு மருத்துவமனைகளில் பார்மலின் புகையூட்டல் பல பதிற்றாண்டுகள் வழக்கில் இருந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் பார்மலினைச் சேர்த்து அறையை அடைத்துவிடுவர். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்தியபின், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மாற்றுகள் அவ்விடத்துக்கு வரத் தொடங்கின. அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் தூசைப் பிடிக்க உருவாக்கப்பட்ட ‘ஹெப்பா’ வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்துவது. பின்னாளில் அது அறுவை அரங்கின் கூரையில் இடம்பெற்றது. 1960களில் இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் முன்னோடி ஜான் சார்ன்லி, வடிகட்டிய காற்று ஒரே சீராக இறங்கும் அடைப்புக்குள் அறுவை செய்து தொற்றைப் பெரிதும் குறைத்தார். ஆனால் அத்தகைய சீரோட்டக் காற்றால் கூடுதல் பயன் உறுதிப்படவில்லை என்று உலக நலவாழ்வு அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. விலையுயர்ந்த கருவி எப்போதும் சிறந்த காப்பாகாது என்பதற்கு இது சான்று.

குழாயிலும் சுருளிலும் புறஊதா விளக்குகளைப் பொருத்தும் முறை, வெல்ஸ், ரைலி ஆகியோர் காட்டிய வழியின் தொடர்ச்சி. மான்ட்ரியால் நகரின் அலுவலகக் கட்டடங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. விளக்குகள் எரிந்த காலத்தில், கதிர் படும் பரப்புகளில் நுண்ணுயிர் 99 விழுக்காடு குறைந்ததையும், பணியாளரின் உடல்நலக் குறைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததையும் அது காட்டியது. ஆயினும் வல்லுநர்கள் வலியுறுத்தும் வரிசை ஒன்று உண்டு. முதலில் இயந்திரத்தை நிறுத்தி, நோயாளிகளை அப்பகுதியிலிருந்து அகற்ற வேண்டும். வடிகட்டியைக் கழற்றி மாற்ற வேண்டும். சுருளையும் தட்டையும் சோப்பு நீரால் கழுவி அழுக்கை நீக்க வேண்டும். வடிகால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே கிருமிநாசினியைப் பயன்படுத்த வேண்டும். அழுக்குப் படலத்தின் மீது தெளித்த கிருமிநாசினி அடியிலுள்ள உயிர்களை எட்டுவதில்லை. மிகுந்த குளோரின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். நறுமணம் கலந்த தெளிப்பு நோயாளியின் மூச்சை வருத்துமேயன்றித் தூய்மை தாராது. அழுக்கை அகற்றாமல் தூய்மை நிறைவேறாது என்பதைத் தஹாராவின் சட்டங்களைக் கற்ற நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியம், அறுவை அரங்கின் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற வேண்டும் என்றும், அவற்றுள் 4 முறையேனும் வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்றும் 2018ஆம் ஆண்டின் திருத்திய வழிகாட்டுதலில் வகுத்தது. சுற்றியுள்ள அறைகளைவிட அரங்கினுள் காற்றழுத்தம் சற்று மிகுந்திருத்தல் வேண்டும் என்பதும் விதி. கதவு திறக்கும்போது காற்று வெளியே செல்லுமேயன்றி உள்ளே வராது. காசநோயாளியின் அறைக்கோ இதற்கு நேர்மாறான அழுத்தம் தேவை. ஒரே கட்டடத்தில் இவ்விரண்டையும் குழப்பினால் காப்பே கேடாகும்.

சன்னலின் ஆற்றலையும் எண்கள் மெய்ப்பித்துள்ளன. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சன்னல்களும் கதவுகளும் திறந்த அறைகளில் காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உடைய பழைய கட்டடங்களில் அது 40 முறை. இயந்திரக் காற்றோட்டம் அமைந்த தனிமை அறைகளின் அளவோ 12 முறை. இந்திய அரசு 2010இல் வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலும் புறநோயாளர் பகுதிகளில் இயற்கைக் காற்றோட்டத்துக்கே முதலிடம் தந்தது. நைட்டிங்கேலின் கூடம் தோற்றுவிடவில்லை.

2020 சனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், ஒரே குளிரூட்டியின் காற்றோட்டத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருந்த மூன்று குடும்பத்தாரில் பத்துப் பேர் கொரோனாவுக்கு ஆளான செய்தி உலகை விழிக்கச் செய்தது. அவ்விடத்தில் புதுக்காற்று மிகக் குறைவாக இருந்ததும் பின்னர் தெரியவந்தது. அந்நோய் காற்றில் பரவுகிறது என்பதைத் தெளிவாக ஏற்க உலக நலவாழ்வு அமைப்புக்கு 2021 ஆயிற்று. காற்றுவழிப் பரவலைக் குறிக்கும் சொற்களை வல்லுநர்கள் ஒருமித்து வரையறுத்தது 2024இல். வெல்ஸ் கூறியதைக் கேட்க மருத்துவ உலகுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அறத்தின் இரண்டாம் பாதி

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை இருவகைப்படும். முதலாவது, காற்றுக்கு ஒரே விடை இல்லை என்பது. வெயிலும் தூசும் மிகுந்த ஆவடியிலும் அம்பத்தூரிலும் அறுவை அரங்கையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் திறந்த சன்னலோடு நடத்த இயலாது. அங்கே வடிகட்டிய காற்று கட்டாயம். இருமலோடு வந்தவர்கள் நெருங்கிக் காத்திருக்கும் கூடத்துக்கோ எதிரெதிர்ச் சன்னல்களும் விசிறியும் குளிரூட்டியைவிட நல்ல காவலர்கள். கூடத்தைக் குளிரூட்டுவது மதிப்பின் அடையாளம் என்று எண்ணும் மனப்போக்கு நோயாளிக்கு நன்மை செய்வதில்லை.

இரண்டாவது, பராமரிப்பைப் பற்றியது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018இலேயே வந்தன. சட்டமும் தரச்சான்றும் ஓரளவே காக்கும். வடிகட்டி மாற்றிய நாளை எழுதும் ஒரு பதிவேடும், தட்டின் நீரைத் திறந்து பார்க்கும் ஒரு பணியாளரும், அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தரும் நிர்வாகமும் இல்லையேல் இயந்திரம் எவ்வளவு புதியதாயினும் பயனில்லை. நம் சமுதாயத்தில் மருத்துவ உதவிக்கு வாரி வழங்கும் கொடையாளர்களும் அறக்கட்டளைகளும் உண்டு. குளிரூட்டியும் கட்டிலும் ஆம்புலன்சும் அளிப்போரின் பெயர்களைச் சுவர்ப் பலகைகளில் காண்கிறோம். அவ்வியந்திரத்தின் வடிகட்டியை மூன்றாண்டு கழித்து யார் மாற்றுவார் என்பதற்குப் பெரும்பாலும் எவ்வேற்பாடும் இருப்பதில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் எழுதப்பட்ட வக்ஃபு ஆவணம் ஓலை விசிறியின் செலவை மறக்கவில்லை. கட்டில் கொடுத்தவரும், குளிரூட்டி கொடுத்தவரும், அவற்றைப் பெற்றுக்கொண்ட முத்தவல்லியும் அந்த ஒரு வரியைத் தம் ஆவணங்களிலும் சேர்ப்பாராயின், காற்றுக்கான செலவு ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறும். தொடரும் தர்மமாகிய ஸதக்கத்துல் ஜாரியாவின் பொருளும் அப்போது முழுமையடையும்.